தராசுத் தட்டில் இருபத்து மூன்று பேர்

கேப்டன் சங்கரலிங்கத்தை நெடுங்குளம் ஊர் சாமியாக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அங்கே போய் இறங்கினேன். விமான நிலைய வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு கோடு, லேசாகச் சிரிக்கிற கறுத்த முகம். ‘இருபத்து மூன்று வீடுகளில் விளக்கேற்றியவரே’ என்று ஒன்றில் எழுதியிருந்தது. கீழே வழக்கம்போல் பேனர் வைத்தவர்களின் படங்கள், கேப்டனுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

நான் விமான விபத்து விசாரணைப் பிரிவில் இருக்கிறேன். ஊரே ஒரு கதையைச் சொல்லி முடித்து, அழுது முடித்த பிறகு போய், “அப்படியா நடந்தது?” என்று கேட்பதுதான் என் வேலை. அதனால் எந்த ஊரிலும் எனக்கு இரண்டாவது காப்பி கிடைத்ததில்லை.

ஊர் சொன்ன கதை இதுதான். நெடுங்குளம் ஓடுபாதையின் கிழக்குக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கைச் சுரண்டி எடுத்துப் புதுத் தார் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். அதற்காக விமானங்களை நிறுத்தவில்லை. நடுவே ஒரு தடுப்பைப் போட்டு, இந்தப் பக்கம் மிச்சமிருந்த பாதையில் விமானங்கள் ஏறி இறங்கின, அந்தப் பக்கம் ஆட்கள் வேலை பார்த்தார்கள். ஆயுத பூஜை அன்று மதியம் இறாலும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு ஒரு சரக்கு விமானம் வளைகுடாவுக்குக் கிளம்பியது. இப்போதெல்லாம் சரக்கு விமானத்துக்கு ஒரே ஒரு விமானிதான், துணை விமானியின் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. பாதையில் வேகமெடுத்து ஓடும்போது வலது இன்ஜினுக்குள் ஒரு பருந்து புகுந்து, இன்ஜின் செத்தது. நிறுத்தினால் விமானம் தடுப்பைத் தாண்டி ஆட்கள் மேல் போய்விடும். கேப்டன் நிறுத்தவில்லை. விமானம் ஒற்றை இன்ஜினில் தடுமாறி எழுந்து, வேலியைத் தாண்டி, குளத்தில் விழுந்தது. கேப்டன் இறந்துபோனார். தொழிலாளிகள் இருபத்து மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த இருபத்து மூன்று பேரும் திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பெற்ற தகப்பனுக்குப் போடுகிற மொட்டை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கேப்டன் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்களாம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தான். அதை மறைப்பானேன்.

வேலையாட்கள் கழுத்தில் மாட்டும் டேக்குகளைக் கேட்டு வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவில் தடித்த அட்டை. யார் எங்கே நிற்கிறார் என்பதை அது தராசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தராசு என்பது ஓடுபாதை வேலை நடக்கும்போது விமானங்கள் கிளம்புவதைக் கண்காணித்து விமானிக்கு வழி சொல்லும் இயந்திர மூளை. அதற்கு ஆங்கிலத்தில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. டேக்குகளை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மேல் விளிம்பில் சந்தனம் காய்ந்திருந்தது, அதன் நடுவில் குங்குமம். யாரோ பக்திமான் என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும், ஒரே இடத்தில், ஒரே விரல் அழுத்தியதுபோல் இருந்தது.

மேஸ்திரி பால்துரையைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். மொட்டைத் தலையில் முடி நரைத்து முளைத்துக்கொண்டிருந்தது.

“இதுக்கெல்லாம் பொட்டு வச்சது யாரு?”

“நாந்தான் மேடம்.”

“எங்க வச்சு?”

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“தார் போடுத பேவர் மிஷின் முன்னால. அது ரிப்பேரா நின்னுட்டு, நகத்த முடியல. அதனால பூசைய அங்கனயே வச்சிட்டோம். வாழக்கன்னு கெட்டி, பூசணிக்கா ஒடச்சி, மம்பட்டி, கடப்பாரை, ரேக்கு எல்லாத்தையும் மிஷின் படியில அடுக்குனோம். டேக்கும் எங்க ஆயுதந்தான மேடம்? அது இல்லன்னா கேட்டத் தாண்ட முடியாது, சம்பளமும் கெடையாது. அதையும் கழட்டி வச்சோம்.”

“பூஜை முடிஞ்சதும் எடுத்து மாட்டிக்கலையா?”

நான் கேட்டது அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். “பூசையில வச்ச சாமான அன்னிக்கே எடுக்கக் கூடாதுல்லா? மறுநா ஒரு சூடம் காட்டிட்டுதான எடுக்கணும்.”

“அப்ப மதியம் நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?”

“வேலிக்கு வெளிய, எங்க கூடாரத்துல. எல போட்டாச்சு. பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தாங்க.” அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. “கம்பெனி பூசைக்கு அரை மணி நேரந்தான் விட்டிச்சு. அதுக்குள்ள என்னத்தப் பூச வைக்க? இன்னிக்கி ஒருத்தனும் மம்பட்டியத் தொடாண்டாம், வாங்கலேன்னு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வாட்ச்மேனுக்குப் பொரி கடலை குடுத்தோம், அவரும் ஒண்ணும் சொல்லல.”

“மெஷின் பக்கத்துல ஒருத்தர்கூட இல்ல?”

“ஒரு ஆளு இல்ல மேடம்.”

வெளியே எரிபொருள் லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மனிதர், ஒரு மிஷினையும் அதன் மேல் கிடந்த அட்டைகளையும் காப்பாற்றுவதற்காகச் செத்திருக்கிறார்.

“டிவியில இத்தனை பேட்டி குடுத்தீங்களே, பால்துரை?”

“நாங்க பொய் சொல்லல மேடம். எங்க இருந்தீயன்னு ஒருத்தரும் கேக்கல. எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க. அழுதோம். அழுதது நெசம். குளத்துக்குள்ள எறங்கி அவரத் தூக்கிட்டு வந்தது நாங்கதான். என் மடியிலதான் தல கெடந்துச்சு.” உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “எனக்கு ஜெயிலுன்னா போறேன். பயல்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் வரச் சொன்னேன், வந்தானுவ. ஆனா அந்தம்மாகிட்ட போயி, ஒங்க வீட்டுக்காரரு எங்க கழுத்து அட்டைக்காகச் செத்தாருன்னு எந்த வாயால சொல்ல?”

எழுதிக்கொள்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

தராசை உருவாக்கிய நிறுவனம் ஒரு பொறியாளரை நெடுங்குளத்திலேயே உட்கார வைத்திருந்தது. பெயர் நிரஞ்சன். முப்பதுக்குள்தான் வயது. ஷேவ் செய்து நாளாகியிருந்தது. வில்லனை எதிர்பார்த்துப் போனவளுக்கு ஏமாற்றம். விருந்தினர் விடுதியின் சாப்பாட்டு அறையில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தான்.

“மணிக்கணக்கா ஒரு டேக்கும் அசையல. உங்க தராசுக்குச் சந்தேகம் வரலையா?”

“மதிய வெயில் மேடம். மெஷின் நிழல்ல படுத்துத் தூங்குவாங்க. தூங்குறவங்க அசைய மாட்டாங்க. சந்தேகம்னு வந்தா ஆள் இருக்குன்னுதான் எடுத்துக்கணும். இல்லன்னு எடுத்துக்கிட்டு, அங்க ஒருத்தன் தூங்கிட்டிருந்தா?”

“கேமரா?”

“கேமராவுல யாரும் தெரியல. மெஷினுக்குப் பின்னால இருக்கலாமே? அதே பதில்தான். சந்தேகம்னா ஆள் இருக்கு.”

அவன் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

“சரி, இதைச் சொல்லு. நான் இந்த வேலைக்கு வந்த காலத்துல, ஓடுபாதையைச் சுருக்கினா சரக்கையும் குறைப்போம். பாதி ஓட்டத்துல இன்ஜின் போனாலும் ஒண்ணு மிச்சப் பாதைக்குள்ள நிறுத்த முடியணும், இல்லன்னா ஒத்தை இன்ஜின்ல ஏற முடியணும். ரெண்டுல ஒண்ணு எப்பவும் முடியணும். அந்த அளவுக்குத்தான் எடை ஏத்த விடுவோம். இந்த விமானத்தால நிறுத்தவும் முடியல, ஏறவும் முடியல. எப்படிக் கிளம்ப விட்டாங்க?”

நிரஞ்சன் தண்ணீர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

“தராசு இருக்குன்னுதான் மேடம். ரெண்டும் முடியாத ஒரு சின்ன இடைவெளி வரும், ஓட்டத்துல சில நொடிகள் மட்டும். அந்த நொடிகள்ல இன்ஜின் போறது லட்சத்துல ஒண்ணுகூட இல்ல. அப்படியே போனாலும், எந்தப் பக்கம் சேதம் கம்மின்னு தராசு பாத்து முடிவெடுக்கும். அதனால சரக்கைக் குறைக்க வேண்டாம்னு அனுமதி வாங்கினாங்க.”

“அந்த இடைவெளியே வராம பாத்துக்கறதுதான்ப்பா பாதுகாப்பு. அதைத் திறந்துவிட்டுட்டு, அதுக்குள்ள யார் சாகணும்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா?”

இருபத்து மூன்று ஒரு தட்டில், ஒன்று ஒரு தட்டில். எந்தப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. இருபத்து மூன்றின் இடத்தில் ஒன்றுமே இல்லை என்பது தவிர, கணக்கு சரி.

“ஒருவேளை நிறுத்தியிருந்தா?” என்று கேட்டேன்.

“கணக்குப் போட்டுப் பாத்தோம். தடுப்பை உடைச்சிருக்கும். சுரண்டிப் போட்ட தரை, டயர் கிழிஞ்சிருக்கும். ஆனா அந்தத் தரையே இழுத்துப் பிடிச்சு, வேகம் குறைஞ்சு பேவர்ல முட்டி நின்னிருக்கும்.” சிறிது நேரம் கழித்து, “இறங்கி நடந்து வந்திருப்பார்” என்றான்.

பிறகு, நான் கேட்காமலே லேப்டாப்பைத் திறந்தான். நிறுவனம் எங்களுக்கு அனுப்பியிருந்தது ஒரு சுருக்கம் மட்டும். ‘இயந்திரத்தின் முடிவும் விமானியின் முடிவும் ஒன்றாகவே இருந்தன’ என்று அதில் ஒரு வரி உண்டு. முழுப் பதிவும் எங்களுக்கு வரத்தான் போகிறது, சட்டப்படி வர வேண்டும். ஆனால் அவன் அதுவரை காத்திருக்கவில்லை.

இரைச்சல். டப்பென்று ஒரு அடி. மணி ஒலி. தராசின் பெண் குரல் ஆங்கிலத்தில், பதற்றமே இல்லாமல், ஆட்கள் இருபத்து மூன்று, தொடரவும் என்றது. அதன் மேலேயே கேப்டனின் குரல், தமிழில்.

“எங்கல ஆளு? ஒருத்தனும் இல்ல, வெறும் மிஷினுல்லா நிக்கி. நிறுத்துதேன்.”

ஏதோ கடகடவென்று இழுபடும் சத்தம். மறுபடியும் பெண் குரல், அதே சொற்கள். மறுபடியும் கடகட.

“ஏல, கண்ணால பாக்கேன்ல! விடு... விடுல!”

நிரஞ்சன் நிறுத்தினான். “வேகத்தைக் குறைக்கற நெம்புகோலை அவர் பின்னால இழுத்தார். தராசு முன்னால தள்ளிச்சு. அவர் விடவே இல்ல. ஆளுங்க இருக்கற பக்கமா விமானி நிறுத்த முடியாதபடி பூட்டு வச்சிருக்கோம். முன்னாடி ஒரு ஊர்ல ஒரு விமானி பயந்துபோய் நிறுத்தி, ஆளுங்க மேல ஏத்திட்டார். அதுக்கப்புறம் வந்த விதி.”

சப்ளையர் வந்து மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

“அந்த ஒரு வரியை அப்படியே விட்டுடச் சொல்றாங்க மேடம், எங்க கம்பெனியில” என்றான் நிரஞ்சன். “விமானியும் ஒத்துக்கிட்டார்ங்கற வரியை. குடியரசு தினத்துக்குப் பதக்கம் அறிவிச்சாச்சு. அந்தம்மாவுக்கும் பெருமை, தொழிலாளிகளுக்கும் கேஸ் இல்ல. யாருக்கும் நஷ்டமில்லன்னு சொல்றாங்க.”

“அடுத்த வருஷம் எத்தனை ஊர்ல ஓடுபாதை வேலை நடக்கப்போகுது?”

“ஆறு.”

“ஆறுலயும் தராசா?”

“ஆமா மேடம்” என்றவன், லேப்டாப்பை மூடிவிட்டு, “நான் தூங்கி ரொம்ப நாளாச்சு” என்றான்.

எங்கள் பிரிவில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. அறிக்கையில் இருப்பது பத்திரிகைக்குப் போகும் முன் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும், அதுவும் நேரில். கோவில்பட்டிக்கு ரயிலேறினேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். உங்கள் கணவர் தியாகி இல்லை. அவர் நிறுத்தத்தான் பார்த்தார். அங்கே காப்பாற்ற யாருமே இல்லை. எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரு மனுஷியிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்குகிற மாதிரியே வந்தது. எழுதாமல் விட்டால் என்ன என்றும் ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு யோசித்தேன். அடுத்த ஸ்டேஷனில் அந்த ஆறு ஊர்களும் நினைவுக்கு வந்தன.

கேப்டனின் மனைவி செண்பகவல்லி மெடிக்கல் ஷாப் நடத்துகிறவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். கூடத்தில் கேப்டன் படம், அதன் மேல் கனமான சந்தன மாலை. அது பால்துரை ஆட்கள் போட்டது என்றார். வாரம் தவறாமல் இரண்டு பேராவது வருகிறார்களாம், வாழைத்தாரோ நுங்கோ தூக்கிக்கொண்டு.

“நல்ல பிள்ளைங்க” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீங்க வெளியாளு, அதனால சொல்லுதேன். அவங்க வந்து என் கால்ல விழுகும்போது எனக்கு எரிச்சல் எரிச்சலா வருது. உயிரோட இருக்கானுவளேன்னு வருது. பாவம், அவங்க என்ன செய்வாங்க? ஆனாலும் வருது.”

நான் நோட்டை மூடி வைத்தேன்.

“எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடுதாங்க. எவ்வளவு பெரிய மனசு, ஒரு நொடியில முடிவெடுத்தாரேன்னு. எனக்கு அந்த ஒரு நொடிதான் தூங்க விட மாட்டேங்கு. இருபத்து மூணு பேரு நெனப்பு வந்திருக்கு. என் நெனப்பு வந்திச்சா? பிள்ள நெனப்பு வந்திச்சா? ஒரு ஓரமா வந்திருந்தாக்கூட கை கொஞ்சமாவது பின்னால இழுத்திருக்கும்லா? கேக்கக் கூடாதுதான். யார்ட்ட கேக்க?”

ரயிலில் அடுக்கிய வாக்கியம் ஒன்றும் நினைவில் இல்லை. ஆயுத பூஜையிலிருந்து தொடங்கினேன். பேவரின் படியில் அடுக்கிய மண்வெட்டிகளையும், சந்தனம் வைத்த டேக்குகளையும், வேலிக்கு வெளியே பாதியில் கிடந்த இலைகளையும் சொன்னேன். ஏற்றக்கூடாத எடையை ஏற்றியதைச் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பூட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினார்.

“அவரு என்ன சொன்னாரு? கடேசியா?”

ஒலிப்பதிவைக் குடும்பத்தாருக்குப் போட்டுக் காட்டச் சட்டத்தில் இடமில்லை. மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். ஒருத்தனும் இல்லை, வெறும் மிஷின்தான் நிற்கிறது, நிறுத்துகிறேன் என்றார். பிறகு விடு, விடுல என்றார். என் ஆபீஸ் குரலில் அது செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

“ஏல, விடுல” என்றார் செண்பகவல்லி. கேப்டனின் குரலை நான் கேட்டிருக்கிறேன். அதே ஏற்றம், அதே அவசரம். “டிவி ரிமோட்டு மக்கர் பண்ணுனாலும் இப்படித்தான். உயிரில்லாததோட எல்லாம் சண்டைக்கு நிப்பாரு.”

“அம்மா...”

“எத்தன தடவ இழுத்தாரு?”

“விடவே இல்ல. விமானம் தரையை விட்டு எழும்பற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்திருக்கார்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகு குலுங்கியது. உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் நான் வந்ததிலிருந்து பார்த்திராத ஒரு நிம்மதி அதில் இருந்தது.

“அப்ப வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு” என்றார்.

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. விசாரணைக்குப் போன இடத்தில் நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

காப்பி கொண்டுவந்தார். குடித்து முடித்ததும் தயங்கித் தயங்கி, “இதை எழுதினா பதக்கம் வராது. பேனரைக் கிழிப்பாங்க. பால்துரை மேல கேஸ் வரலாம். உங்களை வந்து ஆளாளுக்குக் கேப்பாங்க” என்றேன்.

“எழுதுங்க. கைய இழுத்தாருன்னு எழுதுங்க. எம்மவ படிக்கணும்.” டம்ளரை வாங்கிக்கொண்டு, காலியாக இருந்ததில் இன்னொரு தரம் ஊற்றினார். “பால்துரைட்ட நான் பேசுதேன். பூச கும்பிட்டதுக்கெல்லாம் ஜெயில்ல போட்டா ஊர்ல யாரு மிஞ்சுவா? ஏத்தக் கூடாதத ஏத்தச் சொன்னவன மொதல்ல எழுதுங்க. இன்னொண்ணும் எழுதணும். அங்க ஒரே ஒரு ஆளு நின்னிருந்தாக்கூட அவரு இழுத்திருக்க மாட்டாரு.”

“நடக்காததை அறிக்கையில எழுத முடியாதும்மா.”

“நடந்தத எழுதுங்க. மொதல்ல பாத்தாரு. ஒருத்தனும் இல்லன்னு வாயால சொன்னாரு. அதுக்கப்பறந்தான இழுத்தாரு?” என்றார் செண்பகவல்லி. “அந்த வரிசைய மட்டும் மாத்தாம எழுதிருங்க.”